இடப்பக்கம்

மகள் கஜந்தியின் குதிரையை ஏற்றிச் சென்ற ட்ரெய்லரை இராசரத்தினம் கேம்பிங் வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தார். கட்டில் இங்கே, அடுப்பு அங்கே என்று படம் வரைந்து வைத்தவள் அவள்தான். தை மாதம் அவள் இறந்தாள். மாசியில் அந்தக் கிழட்டுக் குதிரையும் செத்தது.

இடப்பக்கம் கட்டில் அடித்து, வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தினார். மறுநாள் காலை இடப்பக்கம் நாலு விரல் தாழ்ந்திருந்தது. மூன்று நாளும் அப்படியே.

மகள் போனபின் முற்றத்துக்கே வராத மனைவி ராசமலர் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்னப்பா, ஆட்டுக்கொட்டிலோ கட்டுறியள்? ஒற்றைக் குதிரையெண்டால் இடப்பக்கம்தான் நிக்கவேணும் எண்டு பிள்ளை எத்தினை தரம் சொன்னவள். கட்டிலை மற்றப் பக்கம் போடுங்கோ."

"குதிரை எங்கயப்பா இருக்கு?"

"போடுங்கோவன்."

போட்டார். அதன்பின் வண்டி சாயவில்லை.

ஆனியில் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். படுக்குமுன் ராசமலர் வண்டிக்குள் இடப்பக்கம் ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். விடிந்தபோது வாளி வெறுமையாக இருந்தது. தரையில் ஈரமில்லை.

அவள் வாளியை மறுபடி நிரப்பினாள். பிறகு கஜந்தியின் கோப்பையில் தேநீர் ஊற்றி, அதன் அருகில் வைத்தாள்.