பத்துக்குப் பத்து

'ஒரு கட்டம்தானே, இதற்குப் போய்க் கை ஏன் இப்படிக் கனக்கிறது?'

ஐந்தாம் வகுப்புப் பட்டியலில் எழுத்துத் தேர்வு, செயல்பாடு, ஒப்படைப்பு எல்லாவற்றுக்கும் ஜெயசுதா டீச்சர் மதிப்பெண் போட்டுவிட்டாள். அபிநயாவின் 'கேட்டல் திறன்' மட்டும் பாக்கி. முதல் வரிசையில் உட்கார்ந்து, டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அவள்.

"இன்னுமா முடியல? எப்பவும் போல பத்து போட்டுட்டு வாங்கம்மா," என்றார் தலைமையாசிரியர் சாமிதுரை.

"கதை வாசிச்சு, கேள்வி கேட்டுல்ல சார் போடணும்?"

"நாப்பது புள்ளைங்களுக்கும் அப்படிக் கேட்டுக்கிட்டிருந்தா பொங்கலுக்குத்தான் வூட்டுக்குப் போவீங்க. போன வருஷம் இதே புள்ளைங்க நாலாவதுல இருந்தப்ப நீங்க எல்லாருக்கும் பத்து போடலையா?"

போட்டாள்தான்.

காலையில் அபிநயாவின் அம்மா வெற்றிச்செல்வி வந்திருந்தாள். குரலில் கோபமே இல்லை.

"புள்ளைக்குக் காது மந்தமாவுதுன்னு நர்ஸம்மா போன வருஷமே சொன்னாங்க டீச்சர். கேக்குறதுல நீங்க பத்துக்குப் பத்து போட்டிருந்தீங்களா, டீச்சருக்குத் தெரியாததான்னு வுட்டுட்டேன். அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு அரியலூர் டாக்டரு இப்ப சொல்றாரு."

சாமிதுரை கடிகாரத்தைப் பார்த்தார். "பத்துன்னு போடுங்கம்மா, நேரமாவுது."

"இல்லைங்க சார்," என்றாள் ஜெயசுதா. "நான் போட மாட்டேன்."