அருண் சொன்னதைக் கேட்டவர்

அருண் பேசியது யாருக்குமே புரியவில்லை. சுவாதி அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றாள்.

புதிரில் நான்கு பேர். அருணுக்குத் தெலுங்கு மட்டும் தெரியும். தினேஷுக்குக் கன்னடம் மட்டும் தெரியும். பாலுவுக்குத் தமிழும் கன்னடமும் தெரியும், தெலுங்கு தெரியாது. சேகருக்குத் தமிழ் தெரியும். அருண் சொன்ன ஒரு செய்தி, வெளியாள் உதவி இல்லாமல், தினேஷ் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அருண் சொன்னதை முதலில் புரிந்துகொண்டவர் யார்?

சுவாதி கட்டம் போட்டாள். பக்கவாட்டில் நான்கு பெயர்கள், மேலே மூன்று மொழிகள். தெரிந்தால் டிக், தெரியாவிட்டால் இன்ட்டு. எல்லாம் போட்டு முடித்த பிறகு பார்த்தால், தெலுங்குக்குக் கீழே அருணைத் தவிர ஒருவருக்குக்கூட டிக் விழவில்லை.

"இவன் செவுத்தோடதான் பேசியிருக்கான்" என்றான் ஹரீஷ்குமார், பப்ஸைப் பிய்த்துக்கொண்டே.

மூக்கண்டப்பள்ளியில், கம்பெனிக்கு எதிரே இருக்கும் பேக்கரி அது. மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே குவாலிட்டி பிரிவு. முதல் ஷிப்ட் முடிந்ததும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு இங்கே உட்கார்ந்துதான் சேர்ந்து படிப்பார்கள்.

சுவாதிக்கும் ஹரீஷுக்கும் ஊர் கெலமங்கலம். வீட்டில் தெலுங்கு. மூன்றாமவள் சத்யப்ரியா. அவளுடைய அப்பா கரூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ்.

அதனால் சத்யப்ரியாவின் காதுக்குப் போகக் கூடாதது எதுவாக இருந்தாலும் சுவாதி தெலுங்குக்கு மாறிவிடுவாள். வண்டியில் கியர் மாற்றுவது போல, யோசிக்காமல்.

தெலுங்கில் அவளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். தாபேலு. ஆமை. எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை படிக்காமல் சத்யப்ரியா பேனாவை எடுக்க மாட்டாள், அதற்காக.

"தாபேலுன்னா என்னடி?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

"செல்லப் பேருடி" என்று சொல்லிவிட்டாள் சுவாதி.

நாளைக்கு மூவரும் ஹரீஷின் காரில் பெங்களூர் போவதாக ஏற்பாடு. அங்கே ஹரீஷின் பெரியப்பா மகன் கமலக்கண்ணன் இருக்கிறார். இதே தேர்வை எழுதி, படித்து, நல்ல வேலையில் இருப்பவர். அரைநாள் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்றிருந்தார். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சத்யப்ரியா வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

சுவாதி கட்டத்தைப் பார்த்தபடியே, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, ஹரீஷிடம் தெலுங்கில் சொன்னாள். நாளைக்குத் தாபேலு வேண்டாம். கேள்வி கேட்டே அரைநாளையும் தின்றுவிடுவாள். காரில் இடமில்லை என்று சொல்லிவிடு.

ஹரீஷ் சிரித்தான்.

"என்னாத்துக்குச் சிரிப்பு?" என்றாள் சத்யப்ரியா.

"இந்தக் கணக்கைத்தான்டி திட்டறோம்."

சத்யப்ரியா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். புதிரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பார்த்தாயா என்பது போலச் சுவாதி ஹரீஷைப் பார்த்தாள்.

பிறகு சத்யப்ரியா சேகரின் பெயர் மேல் விரலை வைத்து, அவசரமே இல்லாமல் விளக்க ஆரம்பித்தாள்.

இந்த மாதிரிப் புதிர்களில் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றுதான் வரும். ஒருவருக்கு ஒரு வீடு, ஒரு நிறம், ஒரு வேலை. போட்டுப் போட்டுக் கை பழகிவிடுகிறது. ஒரு டிக் விழுந்ததும் மீதிக் கட்டங்களில் கை தானாக இன்ட்டு போட்டுவிடும். ஆனால் இங்கே அருணுக்கும் தினேஷுக்கும் 'மட்டும்' என்று சொல்லியிருக்கிறார்கள். பாலுவுக்கு எது தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சேகருக்குத் தமிழ் தெரியும் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். சேகருக்கு எதிரே இருக்கும் இந்த இரண்டு இன்ட்டும் கேள்வியில் இல்லை. நீ போட்டது.

சரிதான். சுவாதி ஆவலாகத் தலையாட்டினாள். அட, இவ்வளவுதானா என்று வாயைத் திறந்தவள், ஹரீஷின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

சத்யப்ரியா இவ்வளவு நேரம் பேசியது தெலுங்கில். பாடமாகப் படித்த தெலுங்கு இல்லை. சுவாதியின் அம்மா வீட்டில் பேசும் அதே தெலுங்கு.

சுவாதிக்குக் காது மடல் சுட்டது. இந்த மேசையில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. சத்யப்ரியாவின் அப்பாவைப் பற்றிச் சொன்னது. அவள் போட்டு வந்த சுடிதாரைப் பற்றிச் சொன்னது. தாபேலு என்றால் என்னவென்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாள்.

"உனக்கு… எப்பத்துல இருந்துடி?" தமிழில்தான் கேட்க முடிந்தது.

வளர்ந்த லைன் வீட்டில் சுற்றிலும் தெலுங்குக்காரர்கள், பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும் என்றாள் சத்யப்ரியா. யாரும் கேட்கவில்லை என்றாள். நாளைக்கு நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றாள். எல்லாம் தெலுங்கிலேயே.

"இல்ல சத்யா, கார்ல எடம்…" என்று ஆரம்பித்த ஹரீஷ், இருக்கிறது என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டான்.

சத்யப்ரியா தாளைச் சுவாதியின் பக்கம் தள்ளினாள்.

"எழுதுடி" என்றாள், இப்போது தமிழில்.

சுவாதி தலையைத் தூக்கவில்லை. எழுதினாள்.

பாலுவுக்குத் தெலுங்கு தெரியாது. தினேஷுக்கும் தெரியாது. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். அருண் சொன்னதை முதலில் புரிந்துகொண்டவர் சேகர். சேகருக்குத் தெலுங்கும் தெரியும்.