ஆறாயிரம் அடியில் மூன்று சுற்று

நெற்றியில் மாட்டியிருந்த மறைப்பைத் தூக்கிவிட வேண்டும் என்று பிரியதர்ஷினிக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

வண்டிக்குதிரைக்குக் கட்டுவது போன்ற மறைப்பு. மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் முள்களும் எண்களும் மட்டும்தான் தெரியும். கருவிகளை மட்டுமே நம்பி விமானம் ஓட்டப் பழக்குவதற்காக அதை மாட்டிவிடுவார்கள்.

கீழே ஜவ்வாது மலை. புதூர்நாடு. அவள் வீடு.

முப்பத்து மூன்று வயதாகிறது. ஒரு தடவைகூடத் தன் ஊரை அவள் மேலிருந்து பார்த்ததில்லை. விமான நிலையக் கவுண்டரில் எட்டு வருடம் நின்று ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, இப்போதுதான் தானே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் பயிற்சியாளன் ரஞ்சித். கண்ணமங்கலத்துக்காரன், அவளைவிட ஏழு வயது சின்னவன். அவள் அவனை சார் என்பாள். அவன் அவளை அக்கா என்பான்.

"மூணு சுத்து ஒழுங்கா போடுங்கக்கா. அப்புறம் அத எடுத்துட்டு உங்க வூட்டப் பாத்துக்கலாம்" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தான்.

இறங்க அனுமதி கிடைக்கும்வரை விமானங்கள் வானத்தில் காத்திருக்கும் சுற்று அது. மலைமேல் இருக்கும் வழிகாட்டி வானொலி நிலையத்தைத் தொட்டு, ஒரே உயரத்தில், நீள்வட்டமாகச் சுற்ற வேண்டும். நேராக ஒரு நிமிடம், வலப்பக்கம் திருப்பம், மறுபடி ஒரு நிமிடம்.

சுற்றுவது பெரிய காரியமில்லை. நுழைவதில்தான் அவளுக்குத் தகராறு.

எந்தத் திசையிலிருந்து வருகிறோமோ அதற்குத் தகுந்தபடி நுழையும் வழி மாறும். போன இரண்டு பயிற்சியிலும் வழியைக் குழப்பிக்கொண்டு சுற்றின் தப்பான பக்கத்துக்குப் போய்விட்டாள். இன்றும் தவறினால் இந்த முறை தேர்வுக்கு அவள் பெயர் போகாது.

நிலையத்தைக் காட்டும் ஊசி நடுங்கியது. நிலையம் நெருங்குகிறது.

வந்துகொண்டிருக்கும் திசை இருநூற்று இருபது டிகிரி. முழங்காலில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். அழித்தாள். மறுபடி இழுத்தாள். நீர்த்துளி வடிவ நுழைவுதான். இருநூற்று நாற்பதுக்குத் திருப்பி ஒரு நிமிடம் போக வேண்டும்.

நிலையத்தைக் கடந்துவிட்டதாகக் குறி புரண்டது. திருப்பினாள். கடிகாரத்தை அழுத்தினாள். அந்த அறுபது நொடியும் போவேனா என்றது. பிறகு வலப்பக்கம் நீளமாக ஒரு திருப்பம்.

ஊசி மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நின்றது.

நுழைந்துவிட்டாள்.

தொடையில் விழுந்திருந்த துண்டு வெயில் அப்போது காணாமல்போனது. ரஞ்சித் வெயில் தட்டியை இறக்கிவிட்டிருப்பான் என்று நினைத்தாள். விமானம் குலுங்கியது. மலைக்காற்று அப்படித்தான்.

சரியாகச் செய்தால் ரஞ்சித் 'ம்' என்பான், தப்பென்றால் கத்துவான். இரண்டும் இல்லை.

முதல் சுற்றில் மேல்காற்று பின்னாலிருந்து தள்ள, திரும்பி வரும் ஒரு நிமிடத் தூரம் நாற்பதே நொடியில் முடிந்துபோனது. அடுத்த சுற்றில் போகும்போது கால் நிமிடம் கூட்டிக்கொண்டாள்.

இரண்டாவது சுற்றில் உடம்பு ஏமாற்ற ஆரம்பித்தது. இடப்பக்கம் சரிந்துகொண்டே போவதாகக் காது சொன்னது. கருவியில் இறக்கைகள் நேராக இருந்தன. கழுத்தில் வியர்வை இறங்கியது. மறைப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் போலிருந்தது. அம்மா மங்கம்மாள் சத்தம் கேட்டுச் சாமைக் கொல்லையில் அண்ணாந்து நிற்பாள். ஊருக்கு மேலே வரப்போவதைப் பிரியதர்ஷினி காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள்.

பார்க்கவில்லை. கருவி சொன்னபடியே போனாள்.

மூன்றாவது சுற்றும் முடிந்தது.

"சார், மூணும் ஆயிடுச்சி."

பதில் இல்லை. தேறவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறானோ? இதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. மறைப்பைத் தானே தூக்கினாள்.

மலையைக் காணோம்.

நாலு பக்கக் கண்ணாடியிலும் வெள்ளை. அதன்மேல் மழை கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. இறக்கையின் முனைகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் ரஞ்சித் கண்களை இறுக மூடியிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"இன்னா ஆச்சு ரஞ்சித்?"

"மேகத்துல பூந்ததுமே தல சுத்திடுச்சிக்கா. கவுந்து போய்னே இருக்கற மாதிரி கீது. கைய வெளிய எடுத்தன்னா ஸ்டியரிங்கப் புடிச்சித் தப்பாத் திருப்பிடுவேன்."

"எப்பலருந்து?"

"மொதோ சுத்துலருந்து. வாயத் தொறந்தா உங்களயும் கொழப்பிடுவேன்னு பேசல."

அந்த வெள்ளையை இரண்டு நொடி பார்த்ததற்கே அவளுக்கும் விமானம் கவிழ்வது போலிருந்தது. கருவியில் நேராக இருக்கும் இறக்கைகள் பொய் போலத் தோன்றின.

மறைப்பை மறுபடி கண்வரை இறக்கிக்கொண்டாள்.

மேகத்துக்கு வெளியே போக வழி கேட்டுக் கட்டுப்பாட்டு அறையிடம் வானொலியில் பேசினாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முன்னால் இன்னொரு விமானம் இருக்கிறது, ஐந்து நிமிடம் அங்கேயே காத்திருங்கள் என்று பதில் வந்தது.

"கைய அப்டியே வச்சிக்க தம்பி" என்றாள் பிரியதர்ஷினி.

நிலையம் வந்தது. கடிகாரத்தை அழுத்திவிட்டு, வலப்பக்கம் திருப்பினாள்.