இரண்டு குரல்

வண்டியோடு வந்த திரை இடப்பக்கம் திரும்பு என்றது. டிரைவர் சேவியர் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பழைய ஜி.பி.எஸ் பெட்டி வலப்பக்கம் என்றது. பின்சீட்டில் கொளஞ்சி, செத்துப்போன தங்கச்சிக்குப் போர்த்த வேண்டிய கோடிச்சேலையை மடியில் கசக்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்குப் பிணத்தைத் தூக்கிவிடுவார்கள். மணி மூணே முக்கால்.

"ரெண்டும் அடிச்சிக்கிதுண்ணே. எதைக் கேக்கட்டும்?"

"புதுசைக் கேளு. இல்லல்ல, பழசு... நிறுத்துப்பா வண்டிய."

சேவியர் இரண்டையும் அணைத்தான். "உங்க மச்சானுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"கூடப்பொறந்தவ வீட்டுக்கு வழி தெரியலன்னு கேக்கச் சொல்றியா?"

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட அவர் சீர் கொண்டுபோனதில்லை. கண்ணாடியை இறக்கி, எந்தப் பக்கமாவது பறைச்சத்தம் கேட்கிறதா என்று தலையை வெளியே நீட்டினார். கரும்புக்காட்டில் காற்றுதான் இரைந்தது.