சாப்பாட்டு பாஸ் வாங்காதீங்க!

ரிடையர்டு இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பசி எடுக்காது. அன்று காலை அவருக்குச் சுத்தமாகப் பசி இல்லை.

தீம் பார்க்குக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. உள்ளேயே மூன்று நாள் தங்கல். பக்கத்துக் கவுண்ட்டரில் சாப்பாட்டு பாஸ் விற்றார்கள். முன்கூட்டியே பணம் கட்டிக் கையில் மஞ்சள் பட்டை மாட்டிக்கொண்டால், மூன்று நாளும் எந்தக் கடையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாப்பிடலாம். வாங்குவதா வேண்டாமா என்று குடும்பம் வாசலிலேயே மல்லுக்கு நின்றது.

"வாங்கிடலாம் மாமா," என்றார் மாப்பிள்ளை. ஆள் வாட்டசாட்டம். "தண்ணியில ஆடினா எனக்குப் பசி தாங்காது."

"ஆடாமலே தாங்காது," என்றாள் மகள்.

"நான் கொறிக்கிறதோட சரி. எனக்கெதுக்கு முழுப் பாஸ்?" என்று மனைவி இழுத்தாள்.

அப்போதுதான் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, தோளில் பெரிய பையோடு, மனைவியின் காதருகே வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அந்தப் பாஸை மட்டும் வாங்கிடாதீங்க. நேத்து நாங்க வாங்கிட்டு முழிச்சோம். கடைக்குக் கடை அவ்வளவு தூரம். வரிசையில நின்னு நின்னே எங்க வீட்டுக்காரர் பாதியா இளைச்சுட்டாரு."

மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "கேட்டுக்கிட்டீங்களா?"

அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் பார்வை அந்தப் பெண்மணியைவிட்டு நகரவில்லை. அவள் அடுத்த குடும்பத்திடம் போய் நின்றாள். "பாஸ் வேண்டாங்க. எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு. பிள்ளைங்களைத் தனியா கூட்டிட்டு வந்து நான் பட்ட பாடு..."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் முக்கால்வாசி ரெக்கார்டு ரூமிலேயே போய்விட்டது அவருக்கு. 'ஒரு திருடனையாவது கையும் களவுமா பிடிச்சிருக்கீங்களா?' என்று மனைவி கேட்கும்போதெல்லாம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். இன்று மறைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று தோன்றியது.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க மாப்பிள்ளை. எனக்கு இங்க ஒரு சின்ன வேலை இருக்கு."

"லீவுல வந்த இடத்துல என்ன வேலை உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே மனைவி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் நின்ற பெரிய கரடி பொம்மைக்குப் பின்னால் அவர் பதுங்கினார். கரடியோடு போட்டோ எடுக்க வந்தவர்கள் அவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்மணியின் கணவர் இரண்டு தடவை இளைத்தார், மூன்று தடவை வெளிநாடு போனார், ஒரு தடவை செத்தே போனார். ஒல்லியாக ஒரு புதுமணத் தம்பதி வந்தபோது மட்டும் பேச்சு அப்படியே மாறியது. "தாராளமா வாங்குங்க! நானும் அவரும் ராஜா மாதிரி சாப்பிட்டோம்."

செத்தவர் சாப்பிட்டார் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து போய் வழியை மறித்தார்.

"போலீஸ்! நடம்மா மேனேஜர் ரூமுக்கு." பெஞ்சிலிருந்து எழுந்து மனைவியும் பின்னாலேயே ஓடினாள்.

அவளைப் பார்த்ததும் மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"சார், சத்தம் போடாதீங்க. இவங்க எங்க ஆளுதான்."

"உங்க ஆளா? உங்க பாஸையே வாங்காதேன்னு சொல்றாங்களே!"

மேனேஜர் தலையைத் தொங்கப்போட்டார். "அந்தப் பாஸை ஆரம்பிச்சதே தப்பு சார். நல்லா சாப்பிடுறவங்க வாங்கினா நாங்க காலி. அதான் ஆளைப் பார்த்து, வாட்டசாட்டமா இருந்தா பயமுறுத்தி அனுப்பச் சொன்னேன். கொறிக்கிறவங்க வாங்கினாத்தான் எங்களுக்கு லாபம்."

மனைவி வாயைப் பிளந்தாள். "அடப்பாவிங்களா! நம்ம மாப்பிள்ளையைப் பார்த்துட்டுத்தான் வேண்டாம்னு சொன்னாளா இவ?"

"கேஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று உறுமினார் இன்ஸ்பெக்டர்.

"என்ன வேணும்னாலும் கேளுங்க சார். வெளியில மட்டும் சொல்லிடாதீங்க."

"நாலு பாஸ். முழு விலை கொடுத்தே வாங்கிக்கிறேன். எனக்கு லஞ்சம் பிடிக்காது."

மேனேஜர் கண்ணில் நீர் முட்ட, நாலு மஞ்சள் பட்டைகளை எண்ணி வைத்தார். மனைவி தன் பட்டையை மாட்டிக்கொண்டு கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைத்ததில்லை.

"பிடிச்சுட்டீங்களே!" என்றாள்.

அதற்கப்புறம் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? வெளியே வந்ததும் டிக்கெட் வரிசைக்கு முன்னால் நின்று, கையிலிருந்த பட்டையை உயர்த்திக் காட்டி, ரகசியத்தை உரக்கச் சொன்னார். மூன்றாவது நிமிஷம் வரிசை கலைந்தது. ஐந்தாவது நிமிஷம் பாஸ் கவுண்ட்டரில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட பெண்மணிக்கு ஒரு காபியை நகர்த்தி வைத்தார்.

"தினமும் பத்து நிமிஷத்துல யார்கிட்டயாவது மாட்டிக்குவீங்களே அக்கா, இன்னிக்கு ஏன் இவ்வளவு லேட்டு? ஒரு மணி நேரமா கவுண்ட்டர்ல ஈ ஓட்டிட்டு இருந்தோம்!"