மேல்படி ஒட்டகச்சிவிங்கி

“ஏன்னா, இங்க கொஞ்சம் வாங்கோளேன்! உங்க தம்பியோட ஒட்டகச்சிவிங்கி காலடியில மாவு கொட்டிக் கிடக்கு.”

“கோலமாவு சிந்தியிருக்கும்,” என்றார் வைத்யநாதன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“கோலமாவு நகருமா?”

பேப்பர் கீழே இறங்கியது.

நகர்ந்தது மாவு இல்லை, அதற்குள் இருந்த பூச்சி. கறுப்பு உடம்பு, செம்மண் நிறத் தலை, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொம்பு. மைசூர் அக்ரஹாரத்திலேயே பிறந்து வளர்ந்த விசாலாக்ஷி எத்தனையோ பூச்சி பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மொம்பாசாவில் கப்பல் கம்பெனி உத்தியோகம் பார்க்கும் கொழுந்தன் ஜகதீசன், நவராத்திரிக்கு லீவில் வந்தபோது கொண்டுவந்த பொம்மை அது. முழ உயரம், மைக் கறுப்பு. தெருவே வந்து வாயைப் பிளந்ததில் விசாலாக்ஷிக்குப் பெருமை தாங்கவில்லை. கொலுவின் மேல்படியில், கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மரப்பாச்சி ராஜா ராணிக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தியிருந்தாள்.

ஜகதீசனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“கருங்காலி மரம், மன்னி! நூறு வருஷமானாலும் உளுத்துப் போகாது,” என்றான் அவன்.

“அப்போ இது என்ன?”

“அங்கெல்லாம் இதை யாரும் கண்டுக்க மாட்டா.”

“பேராவது தெரியுமா?”

“பூச்சி.”

வைத்யநாதன் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். “இது நம்ம தேசத்துப் பூச்சி இல்லை,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். சுதந்திரம் வந்ததிலிருந்து அவருக்கு இந்த விஷயங்களில் ஒரு கண்டிப்பு வந்திருந்தது.

விசாலாக்ஷி வேப்பிலை வைத்தாள். பூச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கற்பூரம் வைத்தாள். உள்ளே இருந்த மற்றவையும் வாசனை பிடிக்க வெளியே வந்தன.

“சீமெண்ணெய் ஊத்திடுங்கோ, மன்னி.”

“விளக்கு எரியற இடத்துலயா? கொலுவோட சேர்ந்து நாமளும் போய்ச் சேரலாம்.”

“அப்போ எடுத்துக் கொல்லையில போட்டுடுங்கோ.”

சொல்ல எவ்வளவு சுலபம்! கொலுவில் வைத்த பொம்மையை விஜயதசமி அன்று படுக்க வைக்கும்வரை அசைக்கக் கூடாது. அசைத்தால் அம்பாள்கூட மன்னித்துவிடுவாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார கௌரம்மா மன்னிக்க மாட்டாள். போன வருஷம் கோடிவீட்டுக்காரி நடுவில் ஒரு பொம்மையை இடம் மாற்றினாள் என்று, கௌரம்மா அந்த வீட்டுத் தாம்பூலத்தைத் தொடவில்லை. கௌரம்மா தொடாததைத் தெருவில் வேறு யாரும் தொடவில்லை. கோடிவீட்டில் இந்த வருஷம் கொலுவே இல்லை.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் விசாலாக்ஷி. மறுநாள் காலையில் பார்த்தால், மரப்பாச்சி ராணியின் பாவாடை மடிப்பில் ஒரு பூச்சி. ராணியின் பாதத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புது ஓட்டை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் கையால் கொடுத்ததில் மிஞ்சியது இந்த இரண்டு பொம்மைதான்.

“தாயே, தப்புன்னா என்னைக் கேளு,” என்று சொல்லிவிட்டு, ஒட்டகச்சிவிங்கியைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினாள். நேரே கொல்லைப்புறம் போய், கொதிக்கிற வெந்நீர் அண்டாவில் முக்கினாள்.

தண்ணீர் கறுத்தது. ஒட்டகச்சிவிங்கி வெளுத்தது. மொம்பாசாக் கருங்காலி, பூட்ஸுக்குப் போடும் பாலிஷாக அண்டாவில் மிதந்தது. எட்டிப் பார்த்த ஜகதீசன், மார்க்கெட்டில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினான்.

காலி இடத்தில், பெட்டியில் மிச்சமிருந்த சன்னபட்டணத்துச் செட்டியார் பொம்மையை நிறுத்திவைத்தாள் விசாலாக்ஷி.

சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். கௌரம்மா வந்து நடுநாயகமாக உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததுதான் தாமதம், எதிர்வீட்டு மாமி ஆரம்பித்தாள்:

“ஏண்டி விசாலம், மேல்படியில கழுத்து நீளமா ஒரு மிருகம் நின்னுதே, எங்கே?”

யாரும் விசாலாக்ஷியைப் பார்க்கவில்லை, எல்லோரும் கௌரம்மாவைப் பார்த்தார்கள். விசாலாக்ஷி குங்குமச்சிமிழை மூடினாள். ‘நானும் இனிமேல் கோடிவீட்டுக்காரிதான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

கௌரம்மா மேல்படியை நிதானமாகப் பார்த்தாள்.

“யாவ மிருகம்?”

“நேத்துகூட இருந்ததே, மாமி! கறுப்பா…”

“நான் தினா வர்றேன். மிருகம் கிருகம் ஒண்ணும் நோடலை. செட்டியார்தான் நிந்துகிட்டிருந்தார்.”

கௌரம்மா பார்க்கவில்லை என்றால் அது இருந்ததே இல்லை. எதிர்வீட்டு மாமி தன் கண்ணையே கசக்கிக்கொண்டாள். கௌரம்மா முதல் ஆளாகத் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே அத்தனை கைகளும் நீண்டன.

கிளம்பிய கௌரம்மாவைத் தொடர்ந்து விசாலாக்ஷி வாசல்வரை ஓடினாள்.

“மாமி, எனக்காகப் பொய் சொன்னேளே! உங்களைப் போய் நான் கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சேனே!”

கௌரம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“உனக்காகவா? சும்மா இரு! உன் மைதுனன் எங்க வீட்டுக்காரருக்கும் அந்த மிருகத்தில ஒண்ணு குடுத்திருக்கார். நாளைக்கு எங்க கொலுவுக்கு வந்து, எல்லார் எதிரிலயும் எங்கேன்னு கேப்பார். அப்போ நீயும் ‘நோடலை’ன்னு சொல்லணும், ஆய்தா? அது கொலுவில வெச்ச முதல் நாளே பூச்சியோட அடுப்புக்குள்ள போயாச்சு!”