எந்திரி அண்ணனின் பேனர்

குத்துச்சண்டையில் பட்டம் வென்ற ஆட்டுக்கிடாவுக்கு மறுநாள் பாராட்டு விழா. பேனர் எழுத வந்த அணில், வாலைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தது.

"'தரையில் விழாத வீரர்'னு பெருசா எழுது" என்றது கிடா.

"அண்ணே, கரடிகிட்ட மூணு தடவை விழுந்தீங்களே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"நாலாவது தடவை அவரை நீங்க சாய்ச்சீங்களே, அதையாவது..."

"அந்தக் கரடி பேச்சே என் பேனர்ல வரக்கூடாது!"

கிடா சொன்னபடியே அணில் எழுதியது. பிறகு வாலைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்ட? கீழ என் பேரை எழுது."

"என்ன பேருண்ணே எழுதறது?"

"என்னடா கேள்வி இது? ஊரே என்னை 'எந்திரி'ன்னுதானே கூப்பிடுது!"

"அதான்ணே இடிக்குது. கரடி அடிச்சு நீங்க மல்லாந்து கிடந்தப்போ, கூட்டமே 'எந்திரி, எந்திரி'ன்னு கத்துச்சு. அப்படி வந்த பேரு அது. விழவே இல்லைன்னு மேல எழுதிட்டேன். கீழ எந்திரின்னு போட்டா, எங்கேருந்து எந்திரிச்சார்னு கேப்பாங்களே?"

கிடா பேனரை மேலும் கீழும் பார்த்தது. தாடியைச் சொறிந்தது.

"சரி, மேல எழுதினதை அழி. கரடி படத்தையும் போடு."

"ஓரமா, சின்னதா போட்டுடவா?"

கிடாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சின்னதாவா? என்னையே மூணு தடவை சாய்ச்சவன்டா அவன்! என்னைவிட ஒரு சாண் பெருசா போடு!"